ரிட்டன் லோடு: விண்வெளி வியாபார விளையாட்டு ஆடத் தொடங்குகிறவர்களுக்கு

திறந்ததும் கையில் கிடைப்பது ஒரு கப்பல், 100 கிரெடிட் பணம், முழு டாங்க் எரிபொருள், மூன்று ஏவுகணை. அவ்வளவுதான். இன்னதைச் செய் என்று சொல்ல ஆளில்லை. இந்தப் பக்கம் போ என்று காட்ட அம்புக்குறியும் இல்லை. மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள், எட்டாவது படிக்கும் என் அக்கா மகனுக்குக் கடைக் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் கப்பலை அப்படியும் இப்படியும் உருட்டிப் பார்த்தான். பிறகு, "மாமா, இதுல எப்போ ஜெயிப்போம்?" என்றான்.

ஜெயிக்கவே மாட்டோம் என்றேன். அவன் பார்த்த பார்வையில், ஓட்டை ரூபாய் நோட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஸ்பேஸ் டிரேடிங் கேம் என்று கேள்விப்பட்டு, நிறுவியும் பார்த்து, ஒன்றும் புரியாமல் மூடி வைத்தவர்களுக்கு இது உதவலாம்.

இந்த வகை விளையாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளியான 'எலைட்'. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். வெளியிட்டது ஏகார்ன்சாஃப்ட். ஓடியது பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில். அந்தக் காலத்து வீடியோ கேம் என்றால் மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண், பத்து நிமிடத்தில் ஆட்டம் காலி. காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்காக உருவான வழக்கம் அது. அடுத்தவன் காசு போட வேண்டுமானால் முதல் ஆள் சீக்கிரம் சாக வேண்டும். எலைட்டில் உயிர்க்கணக்கு இல்லை, பணக்கணக்குதான் உண்டு. இரவு சேமித்து வைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வியாபாரியாகலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளைக்காரர்களை வேட்டையாடிப் பரிசுப்பணம் வாங்கலாம், விண்கல்லை உடைத்துத் தாதுப்பொருள் விற்கலாம். எதைச் செய்தாலும் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும்.

இப்போது ஓப்பன் வேர்ல்ட், அதாவது இஷ்டப்படி எங்கும் சுற்றலாம் என்று சொல்லிக்கொள்ளாத கேமே இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் ஊர் மட்டும்தான் திறந்திருக்கும், கதை பூட்டியே இருக்கும். எங்கே சுற்றினாலும் கடைசியில் கதாநாயகனுக்கு எழுதி வைத்த வேலையைத்தான் முடிக்க வேண்டும். நான் சொல்லும் வகையில் முடிவே எழுதப்படவில்லை. போன வாரம் உங்கள் கப்பல் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் கதை.

சரி, என்ன செய்வது? முதலில் வியாபாரம். இதைச் சொல்லிக்கொடுக்க என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் காய்கறி லாரி ஓட்டியவர். எங்கள் நீலகிரி மலையில், கேத்தி பாலாடாவில் மெஷினில் கழுவி மூட்டை பிடித்த கேரட், முத்தோரை பக்கத்து பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவார். பையன் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிகூடப் போடவில்லை. லேவ் என்ற கிரகத்தில் உணவுப்பொருள் வாங்கி, லீஸ்டி என்ற கிரகத்தில் விற்று, லாபம் வந்த சந்தோஷத்தில் பையன் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்டா கண்ணு, வர்றப்ப காலியாவா வந்தே?"

"ஆமா தாத்தா. அங்க கம்ப்யூட்டர்தான் வித்தான். விலை ஜாஸ்தி."

"இங்க அது என்ன விலை?"

பையன் விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தான். இங்கே அதைவிட ஜாஸ்தி. அப்பா சிரிக்கவில்லை. "போற லோடு டீசலுக்கு. வர்ற லோடுதான் வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னார்.

இந்த விளையாட்டின் பாதிப் பாடம் அதில் வந்துவிட்டது. கணக்காகவே பார்த்துவிடலாம். பழைய எலைட்டில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு பொருளாதார வகை உண்டு. பணக்காரத் தொழில் கிரகத்தில் தொடங்கி ஏழை விவசாயக் கிரகம் வரை எட்டுப் படிகள். தொழில் பக்கம் போகப் போக இயந்திரம், கம்ப்யூட்டர், ஆடம்பரப் பொருள் எல்லாம் மலிவு. விவசாயம் பக்கம் வரவர உணவு, துணி, மது, தோல் மலிவு. ஆட்டம் தொடங்கும் லேவ் ஒரு பணக்கார விவசாயக் கிரகம். அங்கே உணவு டன்னுக்கு 3.6 கிரெடிட். தொடக்கத்தில் 16 டன் கிடைக்கும். மொத்தமும் வாங்கினால் 57.6. பக்கத்தில் இருக்கும் லீஸ்டி ஏழைத் தொழில் கிரகம். அங்கே உணவு 6 கிரெடிட் சுமாருக்குப் போகும். 16 டன்னுக்கு 96. லாபம் 38.4. எரிபொருளுக்கு ஒளியாண்டு ஒன்றுக்கு 2 கிரெடிட் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது திரும்பும் வழி. லீஸ்டியில் கம்ப்யூட்டர் டன் 73 கிரெடிட்டுக்குப் பக்கம். லேவில் 90க்குப் பக்கம். ஒரு டன்னுக்கு 17 கிரெடிட் நிற்கும். அதாவது ஒரே ஒரு டன் கம்ப்யூட்டர், ஏழு டன் உணவுக்குச் சமம். முதல் நடையில் உங்கள் கையில் இருக்கும் காசுக்கு ஒரு டன்தான் வாங்க முடியும், பரவாயில்லை. பணம் சேர்ந்து கப்பலின் 20 டன் இடத்தையும் கம்ப்யூட்டரால் நிரப்பும் நாளில் ஒரு நடைக்கு 330 கிரெடிட்டுக்கு மேல் வரும். பணக்காரத் தொழில் கிரகமும் ஏழை விவசாயக் கிரகமும் அக்கம்பக்கமாக அமைந்துவிட்டால் இன்னும் மேல். ஒரு முனையில் 62, மறுமுனையில் 101. அப்படி ஒரு ஜோடியை வரைபடத்தில் தேடிப் பிடிப்பதுதான் ஆரம்ப நாட்களின் முழுநேர வேலை.

ஒரு சூட்சுமம் கவனியுங்கள். லேவ் சந்தையில் கம்ப்யூட்டர் விலை எழுதியிருக்கும், ஆனால் இருப்பு பூஜ்யம். விலை ஏற ஏறச் சரக்கு குறையும்படிதான் சூத்திரம் அமைத்திருக்கிறார்கள். எங்கே ஒரு பொருளின் பெயருக்கு நேராகச் சரக்கு இல்லையோ, அங்கே அதைக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும் என்று அர்த்தம். என் அக்கா மகன் இதைக் கண்டுபிடித்த நாளில் துள்ளிக் குதித்தான்.

அப்பாவுக்கு ஒரு விஷயம் மட்டும் ஒத்துவரவில்லை. "நீ இருபது டன்னு கொண்டுபோய்க் கொட்டினாலும் விலை இறங்கலியா?" என்று கேட்டார். இறங்காது. பழைய எலைட்டில் விலை என்பது கிரகத்தின் பொருளாதாரப் படியையும் கொஞ்சம் சீட்டுக்குலுக்கலையும் சேர்த்துப் போடும் கணக்கு. நீங்கள் விற்பது அதைத் தொடாது. மண்டியில் ஒரே காலையில் பத்து லாரி கேரட் வந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். விலை படுத்ததும் கழுவின கூலிக்குக்கூடக் கட்டாமல், பறிக்காமலேயே விட்டுவிட்ட தோட்டங்களை எங்கள் பக்கம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வகையில் எலைட்டின் சந்தை ஒரு பொம்மைச் சந்தை. விற்பவரும் வாங்குபவரும் மனிதர்களாகவே இருக்க வேண்டுமென்றால் 2003ல் ஐஸ்லாந்திலிருந்து வந்த 'ஈவ் ஆன்லைன்' போன்றவற்றுக்குப் போக வேண்டும். அங்கே விலையை ஆட்டக்காரர்களே ஏற்றி இறக்குகிறார்கள். நஷ்டப்படும் வலியும் அதற்கேற்ப நிஜமானது. தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீச்சல் பழகக் கிணறு போதும்.

இனி அந்த உலகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எலைட்டில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை, சின்னதாக ஒரு வர்ணனை. கிரகம் ஒன்றுக்கு 20 எழுத்து அளவு இடம் ஒதுக்கினாலே 40,960 பைட் ஆகிவிடும். பிபிசி மைக்ரோவின் மொத்த நினைவகமோ 32 கிலோபைட். அதற்குள் நிரலும் இருக்க வேண்டும், திரையில் தெரியும் படமும் இருக்க வேண்டும். கிரகங்களுக்கு இடமே இல்லை.

அதனால் அவர்கள் கிரகங்களைச் சேமித்து வைக்கவில்லை. சிக்குக் கோலம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாரும் முழுப்படத்தையும் மனதில் வைத்திருப்பதில்லை. எத்தனை புள்ளி, எங்கே வளைப்பது என்ற முறைதான் மனதில் இருக்கும். கை நகர நகரக் கோலம் வரும். நாளைக்கு அதே முறையில் போட்டால் அதே கோலம்தான் வரும். எலைட்டில் அந்தப் புள்ளிக்கணக்கு வெறும் மூன்று எண்கள். அவற்றைக் கூட்டி நகர்த்தி, கூட்டி நகர்த்தி, கிரகம் கிரகமாக வரவழைக்கிறார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் ஆடினாலும் லேவ் அதே இடத்தில்தான் இருக்கும், அதே விவசாயம்தான் செய்யும்.

பெயர்களும் அப்படித்தான். இரண்டிரண்டு ஆங்கில எழுத்தாக 32 ஜோடிகள் வைத்திருக்கிறார்கள். எண்கள் சொல்கிறபடி அவற்றைக் கோத்தால் பெயர். எல்-ஏ, வி-ஈ சேர்ந்தால் லேவ். டி-ஐ, எஸ்-ஓ சேர்ந்தால் டிசோ. எல்-ஈ, ஈ-எஸ், டி-ஐ சேர்ந்தால் லீஸ்டி. ஆர்-ஐ, ஈ-டி, கியூ-யூ, ஏ-டி சேர்ந்தால் ரிட்குவாட். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். லேவின் வர்ணனையில் பரந்த மழைக்காடுகளுக்கும் ஒரு வகை மரப்புழுவுக்கும் பெயர்போன கிரகம் என்று போட்டிருக்கும். யாரும் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியதல்ல, எண்கள் தொடுத்த வாக்கியம். மழைக்காடு, விவசாயம், சமவெளிக்குச் சரக்கு அனுப்பிப் பிழைப்பு. எங்களுக்கு அது ஏதோ பக்கத்து ஊர் போலவே பட்டது.

எட்டு மண்டலம் என்ற எண்ணிக்கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததை உண்டாக்க, அந்த மூன்று எண்களில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு இடம் சுழற்றுகிறார்கள். பைட் ஒன்றுக்கு எட்டு பிட். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்துகொண்டே வந்தால், எட்டாவது நகர்வில் அவரவர் பழைய நாற்காலிக்கே வந்துவிடுவார்கள் அல்லவா? அதேதான். எட்டாவது மண்டலத்திலிருந்து தாவினால் முதல் மண்டலத்துக்கே வந்து சேருவீர்கள். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போகட்டும், சண்டைக்கு வருவோம். புதிதாக ஆடுகிறவர்கள் சுடத் தெரியாமல் சாவதைவிட, எதிரி எங்கே என்று தெரியாமல் சாவதுதான் அதிகம். திரையின் அடியில் நீள்வட்டமாக ஒரு ரேடார் இருக்கும். நடுவில் நீங்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் குச்சிகள். முதலில் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சமவெளிக்காரர்களைவிட மலைக்காரர்களுக்கு இது சுலபம். எங்கள் தோட்டங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்றால் மட்டும் போதாது, மேல் அடுக்கா கீழ் அடுக்கா என்றும் சொல்ல வேண்டும். ரேடாரில் குச்சி எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ அது அவன் முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்று காட்டும். குச்சி எவ்வளவு உயரம் மேலே நீள்கிறதோ, அவன் அத்தனை அடுக்கு மேலே. கீழே தொங்கினால் கீழ் அடுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று, பழைய எலைட்டில் கப்பலைக் காரைப் போல இடம் வலம் ஒடிக்க முடியாது. உருட்டலாம், மூக்கை ஏற்றி இறக்கலாம், அவ்வளவே. இடது பக்கம் இருக்கிறவனைப் பிடிக்க, அவன் நேர் மேலே வரும்வரை கப்பலை உருட்டிவிட்டு மூக்கைத் தூக்க வேண்டும். விரல்களுக்குப் பழக ஒரு சாயங்காலம் ஆகும். கொன்ற கணக்குக்கேற்ப உங்கள் பட்டம் ஏறும். கடைநிலை 'தீங்கற்றவர்', உச்சம் 'எலைட்'. உச்சத்துக்கு 6,400 பேரை வீழ்த்த வேண்டும். நான் இன்னும் பாதி வழிகூடப் போகவில்லை, அவசரமும் இல்லை.

எங்கே சண்டை வரும் என்பதை ஆட்சிமுறை சொல்லிவிடும். நிறுவன ஆட்சி, ஜனநாயகம் என்று எழுதியிருந்தால் வழி பெரும்பாலும் அமைதி. அராஜகம் என்று எழுதியிருந்தால் நிலையம் போய்ச் சேருவதற்குள் கொள்ளைக்காரர்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். இதைத் தாண்டி தார்காய்டு என்று ஒரு வேற்றினம் உண்டு. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சில நேரம் நடுவழியிலேயே இழுத்து நிறுத்திவிடும். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. பலாப்பழ நாட்களில் பர்லியார் பக்கம் வளைவில் திரும்பியதும் யானை நிற்குமே, அந்த அனுபவம். ஒரு வித்தியாசம், யானை தானாகப் போய்விடும்.

சட்டமும் உண்டு. போதைப்பொருள், ஆயுதம், அடிமைகள் மூன்றும் தடை செய்த சரக்கு. ஏற்றிக்கொண்டு கிளம்பினால் உங்கள் பெயர் கெடும். முதலில் குற்றவாளி, பிறகு தேடப்படுபவர். போலீஸ் கப்பல்கள் கண்ட இடத்தில் சுடும். மலை ஏறும் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைத்து மாட்டிக்கொள்ளும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அபராதத்தோடு போய்விடும். இங்கே கப்பலே போய்விடும். அடிமைகளைச் சரக்குப் பட்டியலில் மூட்டையோடு மூட்டையாக எழுதி வைத்திருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பையன் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாமா விப்பாங்க?" என்றான். ஒரு காலத்தில் நிஜத்திலேயே விற்றார்கள் என்று சொன்னேன். அதை அவன் வாங்கவில்லை. நான் தடுக்கவும் தேவைப்படவில்லை.

முதல் நாள் எல்லாரையும் அழ வைப்பது கொள்ளைக்காரன் அல்ல, நிறுத்துமிடம். ஒவ்வொரு கிரகத்துக்கும் மேலே ஒரு நிலையம் சுழன்றுகொண்டிருக்கும். அதில் தபால்பெட்டி வாய் போல நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியாகக் கப்பலை உள்ளே விட வேண்டும். நிலையம் சுழலும் வேகத்துக்கு நீங்களும் உருண்டால்தான் திறப்பு உங்களுக்கு அசையாமல் தெரியும். கொஞ்சம் பிசகினாலும் வெடிதான்.

முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, காய்கறித் தோட்டங்களுக்கு மேலே. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970லிருந்து இருக்கிறது. ஊட்டி அட்சரேகை சுமார் 11 பாகை. அதே 11 பாகை சரிவுள்ள மலைமுகட்டைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி ஒரு பக்கம் சுழலச் சுழல, இதை அந்த ஒரே அச்சில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் போதும். வானத்தில் இருக்கும் பொருள் ஒன்பதரை மணி நேரம் வரை பார்வையை விட்டு நழுவாது. பள்ளியிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது இதை விளக்கினார்கள், அன்று புரியவில்லை. பல வருடம் கழித்து நிலையத்தின் திறப்புக்கு முன்னால் கப்பலை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. சுழலும் ஒன்றை அசையாமல் பார்க்க வேண்டுமானால் அதன் அச்சில் நாமும் சுழல வேண்டும். முதலில் அச்சுக்கு நேராக வாருங்கள், உருட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலரும் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டே உருட்டப் பார்க்கிறார்கள், அது நடக்காது.

நேர்கோட்டுக்கு வருவது எப்படி? திறப்பு எப்போதும் கிரகத்தைப் பார்த்தபடி இருக்கும். எனவே நிலையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து நிலையத்தைப் பார்த்துத் திரும்புங்கள். திறப்பு நேர் எதிரில் இருக்கும். வேகத்தைக் குறைத்து உள்ளே விடுங்கள். 1,500 கிரெடிட் கொடுத்தால் இதைத் தானாகச் செய்யும் கருவி கிடைக்கும். வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் வாங்க வேண்டியது 400 கிரெடிட்டில் கிடைக்கும் கூடுதல் சரக்கறை. 20 டன் 35 டன் ஆகும். முதல் காசுக்கே நல்ல லேசர் வாங்குகிற கை எல்லாருக்கும் அரிக்கும். பீம் லேசர் 1,000 கிரெடிட். வாங்கிவிட்டு, சரக்கு வாங்கக் காசில்லாமல் நிலையத்தில் முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்குண்டு.

சரி, எதை ஆடுவது? இன்று இலவசமாகக் கிடைப்பது 'ஊலைட்'. ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு எழுதுவார்கள், தேடும்போது உதவும். ஜைல்ஸ் வில்லியம்ஸ் என்பவர் மேக் கம்ப்யூட்டருக்காகத் தொடங்கியது. பிறகு விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் வந்தது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அதே எட்டு மண்டலம், அதே லேவ், அதே 100 கிரெடிட். விலைகள் நான் மேலே சொன்ன பழைய எலைட் கணக்கிலிருந்து கொஞ்சம் மாறலாம், திசை மாறாது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. காற்றடித்தால் இணையம் போய்விடும் எங்கள் ஊருக்கு இது பெரிய சௌகரியம். விசைகளில் நான்கு தெரிந்தால் போதும்: எஃப்8 சந்தை, எஃப்6 வரைபடம், ஹெச் அழுத்தினால் நட்சத்திரத் தாவல், ஜே அழுத்தினால் வேகப் பயணம். பக்கத்தில் வேறு கப்பல் இருந்தால் ஜே வேலை செய்யாது. பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நின்றால் ரேடாரைப் பாருங்கள், யாரோ வந்திருக்கிறார்கள்.

பிரேபனே பின்னால் கொண்டுவந்த 'எலைட் டேஞ்சரஸ்' 2014 டிசம்பரில் வெளியானது. நமது பால்வீதியையே உண்மை அளவில், 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்களோடு கட்டியிருக்கிறார்கள். அழகு என்றால் அழகு. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டும் நிலையான இணையமும் வேண்டும். தட்டையான வரைபடத்தில் மேலிருந்து பார்த்து ஆடுவது போதும் என்றால் 'எண்ட்லஸ் ஸ்கை' இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் கதையும் கொஞ்சம் உண்டு. திசையே இல்லாமல் ஆடப் பயமாக இருக்கிறவர்கள் அங்கே தொடங்கலாம்.

பையன் இப்போது லேவுக்கும் லீஸ்டிக்கும் நடுவே நடை அடித்துக்கொண்டிருக்கிறான். சரக்கறை வாங்கிவிட்டான், தாத்தா சொன்னபடி. கையில் 1,100 கிரெடிட் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தில் ரிட்குவாட் கண்ணில் பட்டது. அராஜக ஆட்சி. கப்பல் நிறையக் கம்ப்யூட்டர் ஏற்றிக்கொண்டு அங்கே போகப்போவதாகச் சொன்னான். அப்பா அன்றும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"அங்க போலீஸ் இருக்காடா?"

"இல்ல தாத்தா. அராஜகம்."

"நீ அந்த ரோட்டுல முன்னாடி போயிருக்கியா?"

"இல்ல."

"அப்போ சரக்க எறக்கி வெச்சிட்டு, காலி வண்டியில ஒருக்கா போய் ரோட்டப் பாத்துட்டு வா."

பையன் என்னைப் பார்த்தான். அன்றைக்குக் காலியாக வந்ததற்குத் திட்டு வாங்கியவன் அல்லவா? நான் ஒன்றும் சொல்லவில்லை. எஃப்8 அழுத்திச் சரக்கை விற்க ஆரம்பித்தான்.